எல்லோருக்கும் போணி

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு முருகேசன் கற்பூரத் தட்டோடு சர்வர் அறை வாசலில் வந்து நின்றார். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் புது சர்வர் எழுந்திருக்க வேண்டும், எழுந்து முதல் சான்றிதழை அச்சடிக்க வேண்டும், அந்தச் சான்றிதழுக்குக் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு அடியில் செருக வேண்டும். சர்வரோ எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த ஏலவார்குழலிக்கு, அந்தத் தட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினால் என்ன என்று இருந்தது.

"ஏம்மா குழலி, இன்னும் எவ்ளோ நேரம்மா? கீழ ஊரே வந்து நிக்குது."

"ஆயிடும் சார்."

"ஆயிடும் ஆயிடும்னு ஒம்போது மணியிலேருந்து சொல்லிக்கினு இருக்கே."

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது முருகேசனின் ஜரிகைப் பரிசோதனை மையம். நெசவாளர்களும் கடைக்காரர்களும் புடவையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மெஷின், புடவையைக் கிழிக்காமல் கொள்ளாமல், ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்று மூன்று நிமிடத்தில் சொல்லும். கம்ப்யூட்டர் அதை வாங்கிச் சான்றிதழாக அச்சடிக்கும். வெள்ளி நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே போனால் தேறவில்லை என்று வரும். முருகேசன் முசரவாக்கத்துக்காரர், நிலபுலன் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் எண்ணமும் உண்டு. கெட்டவர் இல்லை. ஆனால் நேரம் காலம் என்று பிடித்துவிட்டால் ஒற்றைக்காலில் நிற்பார்.

குழலி அந்த மையத்தின் கம்ப்யூட்டர் ஆள். ஒரே ஆள். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ஏனாத்தூரில் எம்.சி.ஏ. படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். விடியற்காலை ரயில், இரவு பஸ். அந்தக் கம்பெனியில் அவள் பெயர் நீளமாக இருக்கிறது என்று 'ஏலா' ஆக்கிவிட்டார்கள். அது அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. குமரனைக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருஷம் அப்படியே ஓடிப் பார்த்தாள், முடியவில்லை. ஊரிலேயே வேலை என்று முருகேசன் கூப்பிட்டதும் வந்துவிட்டாள். வந்து பதினோரு வருஷம். மையம் முழுக்க ஓடுகிற புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதியவள் அவள்தான். ஆனால் அங்கே அவளைத் தேடி வருகிறவர்கள் பிரின்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டது, கரன்ட் பில் கட்டித் தா, போனில் படம் வரவில்லை என்றுதான் வருவார்கள். அவள் எழுதியது என்னவென்று அந்த மாடியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் கிடையாது.

அன்றைய சிக்கலுக்குப் பெயர் போணி.

ஏழு வருஷத்துக்கு முன் ஒருநாள், காலையில் முதலாவதாக வந்த புடவை தேறாமல் போயிற்று. அன்றைக்குப் பார்த்து முருகேசனின் கார் கம்மாளத் தெரு முனையில் ஒரு மாட்டு வண்டியில் மோதியது, மதியம் மெஷின் பழுதானது. மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. மெஷின் என்ன சொன்னாலும் சரி, தினமும் முதல் சான்றிதழ் தேறினதாகத்தான் வர வேண்டும். மையம் திறந்ததும் முருகேசன் தன் மனைவியின் பழைய முந்தானைத் துண்டு ஒன்றை மெஷினில் வைப்பார், போணிப் பட்டனை அமுக்குவார், சான்றிதழ் வரும், அது சாமி படத்துக்குப் போகும். வாடிக்கையாளர் யாருக்கும் அந்தக் காகிதம் போகாது. சரி, யாருக்கும் கெடுதல் இல்லை என்று குழலியும் எழுதிக் கொடுத்தாள். மெஷினோடு பேசுகிற பாகத்தை அப்படியே பிரதி எடுத்து, பேச்சை வெட்டிவிட்டு, வெள்ளி 54.3, தங்கம் 0.58 என்று தன் கையாலேயே இரண்டு எண்களைத் தட்டினாள். எப்போது கேட்டாலும் அந்தப் பாகம் அதையே சொல்லும். பத்து நிமிட வேலை. அதை எடுத்துவிடலாம் சார், ஆபத்து சார் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முருகேசன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பழைய சர்வரை மாதக் கடைசியோடு நிறுத்துகிறோம் என்று வாடகைக்கு விட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். புதுசுக்கு மாறியாக வேண்டும். புதுசில் எல்லாமே அனொட்டேஷன், அதாவது தலையில் போடுகிற குறி.

ஒரு பெரிய புரோகிராமுக்குள் நூறு பாகங்கள் இருக்கும். சான்றிதழ் அச்சடிக்கிற பாகத்துக்கு, ஜரிகையைப் பரிசோதிக்கிற பாகம் வேண்டும். யாருக்கு யார் வேண்டும் என்பதைக் குழலி பழைய நாளில் ஒரு நீளமான ஃபைலில் எழுதி வைத்திருந்தாள். ஆயிரத்து இருநூறு வரி. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் எவன் எங்கே போகிறான் என்பது கண்ணுக்குத் தெரியும். புது முறையில் அந்த ஃபைலே கிடையாது. எந்த வரியில் ஒரு பாகம் தேவையோ அதன் தலையில் '@' குறி போட்டு இன்ஜெக்ட் என்று எழுதினால் போதும். சர்வர் எழும்போது குறிகளையெல்லாம் பார்த்து, பொருத்தமான ஆளைத் தானே தேடிப் பிடித்து, தானே கொண்டுவந்து உட்கார வைத்துவிடும். யாரைப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று நம்மிடம் சொல்லாது. இதைத்தான் சௌகரியம் என்கிறார்கள். குழலிக்கு இது வயிற்றெரிச்சல். கேட்காமலே ஒருவன் வந்து நம் வீட்டு அடுப்படியில் நின்றால் நமக்கு நிம்மதியாக இருக்குமா என்பாள்.

இருந்தாலும் ஆறு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றி முடித்திருந்தாள். வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது ஒழுங்காக எழுந்தது. அப்படி எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போணியை அவள் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கேட்டால் புது சர்வரில் அது வராது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் முருகேசன் கேட்டே விட்டார்.

"போணி இருக்குதில்லமா?"

"இல்ல சார், புதுசுல அது..."

"அது இல்லாம தொறக்க முடியாதும்மா. நாளைக்கு வெள்ளிக்கிழமை. சேத்துடு."

சேர்த்தாள். அதன் பலன், வெள்ளிக்கிழமை காலையில் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. அறுபது வரி. சாரம் ஒன்றே ஒன்றுதான்: பரிசோதிக்கிறவர் வேண்டும் என்று கேட்கிறாய், என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள், யார் என்று நீ சொல்லவில்லை, ஆகவே நான் எழுந்திருக்க மாட்டேன்.

ஒழுங்கான வழி அவளுக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் தனித்தனி அடையாளக் குறி கொடுத்து, அவர்களைக் கேட்கிற பதினான்கு இடங்களிலும் இன்னார்தான் வேண்டும் என்று எழுத வேண்டும். அரை நாள் வேலை. கையில் இருந்ததோ இருபது நிமிடம், அதிலும் பின்னால் கற்பூர வாசனை.

குறுக்கு வழியும் ஒன்று இருந்தது. 'ஆல்டர்னேட்டிவ்' என்று ஒரு குறி. அது யார் தலையில் இருக்கிறதோ அவனை மாற்று ஆள் என்று எடுத்துக்கொண்டு, நாமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை சர்வர் கண்டுகொள்ளாது. போணியின் தலையில் அதைப் போட்டு ஒதுக்கிவிட்டால், மிச்சம் இருப்பது மெஷின் ஒருவன்தான். முந்தானைத் துண்டு நிஜமாகவே நல்ல ஜரிகை, மெஷினே அதைத் தேற வைத்துவிடும், முருகேசனுக்கு வித்தியாசம் தெரியாது. மத்தியானம் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்துகொள்ளலாம்.

"மணி பத்து இருபதும்மா!"

இரண்டு ஃபைலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. ஒன்றைப் பார்த்து எடுத்த பிரதிதானே மற்றது, இரண்டுக்கும் முகம் ஒன்றே. குறியைப் போட்டாள். சர்வரைத் தட்டினாள். சிவப்பு எழுத்து வரவில்லை. பத்து இருபத்தாறுக்குச் சர்வர் எழுந்தது.

முருகேசன் ஓடிப்போய்த் துண்டை வைத்தார், பட்டனை அமுக்கினார், தேறியது என்று பச்சை எழுத்து வந்தது, சான்றிதழ் வந்தது. அதைக் குழலி பார்ப்பதற்குள் குங்குமம் வைத்துவிட்டார். அங்கேதான் பிடி விட்டுப்போயிற்று. வேறு எந்த ஊரில் சர்வர் மாற்றினாலும் தேறாத சாமான் ஒன்றை வைத்துப் பார்த்திருப்பார்கள். இங்கே புது சர்வரின் முதல் காகிதமே தேறவில்லை என்று வந்தால் முருகேசன் அன்றைக்கே சர்வரைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருப்பார். தேற வேண்டிய துண்டு தேறியது. குழலி சந்தேகப்படவில்லை.

மத்தியானம் போய், "ரெண்டு மணி நேரம் சர்வரை நிறுத்தணும் சார்," என்று கேட்டாள்.

"ஓடற சர்வரை எதுக்கும்மா நிறுத்தறே? முகூர்த்த சீசன். கூட்டத்தைப் பாரு. சூப்பரா ஓடுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஸ்பீடுன்னா ஸ்பீடு!"

அந்த ஒரு வார்த்தையில் அவள் மயங்கிவிட்டாள். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பதினோரு வருஷத்தில் அவள் எழுதியதை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பின்னறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். வெள்ளி, சனி, திங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மூன்று நாளும் ஒரு புகார் கிடையாது.

அந்த வாரம் அவள் மனசு வேறு ஒன்றில் இருந்தது. வீட்டில் குமரனுக்கு இரண்டு தறி. அவன் வழக்கமாக ஜரிகை வாங்குகிற வியாபாரி கடையை மூடிவிட்டதால் புது ஆளிடம் வாங்கியிருந்தான். அதில் அவனுக்கே ஒரு சந்தேகம். ஒரு புடவையை முடித்து எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பான், மடிப்பான், மறுபடியும் பிடிப்பான். காந்தி ரோட்டில் ஒரு கடைக்காரர், இந்தப் புடவை தேறினால் ஒரே கல்யாண வீட்டுக்கு ஆறு புடவை உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். தேறாவிட்டால் ஆறும் போகும். அதோடு விடாது. இரண்டு தறியிலும் பாதியில் நிற்கிற புடவைகளுக்கும் அதே ஜரிகைதான் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

பரிசோதனைக்கு அவன் அவளுடைய மையத்துக்குத்தான் வருவான், ஆனால் அவளைத் தேடி வரமாட்டான். எல்லோரையும் போல டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, மெஷினைப் பார்த்துக்கொள்கிற வடிவிடம் புடவையைக் கொடுத்துச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போவான். பெண்டாட்டி இருக்கிறாள், தேற வைத்துவிட்டாள் என்று ஒரு வாய்கூடச் சொல்லக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

திங்கட்கிழமை சாயங்காலம் குழலி வீட்டுக்குள் நுழையும்போது குமரன் மல்லிகைப்பூவோடு நின்றான். கல்யாணமான புதிதில் வாங்கி வந்ததோடு சரி, பிறகு அன்றைக்குத்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தியா? தேறிடுச்சி! பளபளப்பு கம்மியா இருந்தாலும் சரக்கு நல்ல சரக்குன்னு நான்தான் சொன்னேன்ல?"

சான்றிதழை அவள் கையில் கொடுத்தான். அவளும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். வெள்ளி 54.3. தங்கம் 0.58.

வேறு யாராவது பார்த்திருந்தால் அது இரண்டு எண். அவள் தட்டிய எண் அது. ஏழு வருஷத்துக்கு முன், காபி ஆறிக்கொண்டிருந்தபோது, வாய்க்கு வந்த இரண்டு எண்.

"ஏங்க, ரிசல்ட் வர எவ்ளோ நேரம் ஆச்சி?"

"நேரமா? பட்டனைத் தட்டிச்சி, பேப்பர் வந்துது. புது சர்வர் அப்படி ஓடுதுன்னு வடிவு சொல்லிச்சி. உன்னைப் பத்திப் பெருமையா இருந்துது, தெரியுமா?"

சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். அவன் அதற்குள் கடைக்காரருக்குப் போன் போட்டு, "அண்ணா, நாளைக்கிக் காலைல பேப்பரோட வந்துடறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆபீசில் ஒரு வேலை பாக்கி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனாள். வடிவு பூட்டுகிற நேரம்.

"வடிவு, டெஸ்ட் ஓடும்போது எரியற செவப்பு லைட்டு மெஷின்ல எரிஞ்சிதா இந்த மூணு நாளா?"

வடிவு கொஞ்சம் யோசித்தாள். "எரியலக்கா. லைட்டு எரியறதுக்குள்ளயே ரிசல்ட் வந்துடுது. புது சர்வர்னா அப்படித்தான்னு நெனச்சேன். ஏங்க்கா?"

உள்ளே போய்ப் பட்டியலை இறக்கிப் பார்த்தாள். மூன்று நாளில் நூற்று முப்பத்தொரு சான்றிதழ். நூற்று முப்பத்தொன்றும் 54.3. எல்லோருக்கும் போணி. இரண்டு ஃபைலையும் திறந்தாள். மாற்று ஆள் என்கிற குறி மெஷினின் தலையில் உட்கார்ந்திருந்தது. போணியின் தலை சுத்தமாக இருந்தது. பரிசோதிக்கிறவர் வேண்டும் என்று பதினான்கு இடத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள், பதினான்கு இடத்துக்கும் சர்வர் போணியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. கேள்வி இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒரு மஞ்சள் எழுத்துகூட இல்லை. ஒருத்தன்தான் இருந்தான், ஒருத்தனைக் கொடுத்தேன் என்கிற நிம்மதியோடு அது ஓடிக்கொண்டிருந்தது.

குழலி தலையில் அடித்துக்கொண்டாள். சர்வர் மேல் கோபம், இந்தக் குறிகளைக் கண்டுபிடித்தவன் மேல் கோபம், முருகேசன் மேல் கோபம், ராகுகாலத்தின் மேல் கோபம். எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் மேலேயே வந்து நின்றது. பழைய ஃபைல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் எந்த ஃபைலில் போடுகிறோம் என்று ஒரு தரம் கண்ணைத் திறந்து பார்த்திருந்தாலும் நடந்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பியபோது குமரன் ஆறு புடவைக்கும் என்ன நிறம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். ஒன்று அரக்கு, ஒன்று மாம்பழ நிறம், மிச்சத்தை நீ சொல்லு என்றான். அவள் ஏதோ ஒரு நிறம் சொன்னாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தாள். காலையில், மையம் திறப்பதற்குள் சர்வரைச் சரிசெய்ய வேண்டும் என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு, அவன் குளித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டாள். அவளுக்குப் பயம். வேறு பெயர் வைத்து அதை அழைக்கத் தேவையில்லை.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒழுங்கான வேலையைச் செய்தாள். இரண்டு பேருக்கும் தனிக் குறி, பதினான்கு இடத்திலும் இன்னார் என்று பெயர். இந்தத் தடவை முதலில், எப்போதோ கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்த டூப்ளிகேட் ஜரிகைத் துண்டு ஒன்றை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்து, மூன்று நிமிடம் ஓடி, தேறவில்லை என்று வந்தது. முருகேசன் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

அவர் கையில் அன்றைய போணிக்கான கற்பூரத் தட்டு இருந்தது. மெதுவாகக் கேட்டார். "ஒருத்தனாவது கம்ப்ளெயின்ட் குடுத்தானாம்மா?"

"தேறினவன் எதுக்கு சார் கம்ப்ளெயின்ட் குடுப்பான்?"

"நூத்து முப்பத்தொண்ணுல முக்காவாசி நெஜமாவே தேறியிருக்கும்."

"எந்த முக்காவாசின்னு சொல்லுங்க சார், மிச்சத்தை மட்டும் கூப்புடறேன்."

"கிண்டலா பண்றே? வெளிய தெரிஞ்சா நம்ம பேப்பரை எவன் நம்புவான்?"

"தெரியாம போனா மட்டும் நம்பலாமா? பொண்ணு வீட்டுக்காரங்க அந்தப் பேப்பரைப் பாத்துத்தான பொடவை எடுக்கறாங்க? எல்லாம் அந்தப் போணியால வந்தது சார். ரெண்டு வருஷமா அடிச்சிக்கினு இருக்கேன்."

"போணியால வரல. நீ குறியை மாத்திப் போட்டே, அதால வந்தது."

அது உண்மை. அவர் இதுவரை அவளுடைய வேலையைப் பற்றிச் சரியாகப் புரிந்துகொண்டது அந்த ஒரு விஷயத்தைத்தான் என்பது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"ஆமா சார். நான் போட்டதுதான். அதனாலதான் கூப்புட்டுச் சொல்லணும்ங்கறேன். நீங்க வேணாம்னாலும் நான் சொல்லத்தான் போறேன்."

முருகேசன் அவளையே பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். "சொல்லு. ஆனா மையத்து மேல பழி வரக்கூடாது. உன் பேரைச் சொல்லி, தப்பு உன்னுதுன்னு சொல்லு. ஒவ்வொருத்தர்கிட்டயும்."

"சரி சார்."

என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டாள், இல்லாவிட்டால் உளறிவிடுவோம் என்று தோன்றியது. புடவை கைமாறிப் போவதற்குள் பிடிக்க வேண்டும் என்பதால் கடைசியாக வந்தவரிலிருந்து தொடங்கினார்கள். வடிவு பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணைச் சொல்லச் சொல்ல, குழலி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னவர் முருகேசன். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் ஆள் வாய்க்கு வந்தபடி திட்டினார். இரண்டாமவர், தேறினது தேறினதாகவே இருக்கட்டும்மா, எதுக்கு நோண்டறே என்று கெஞ்சினார். ஒரு அம்மாள், அப்படியானால் வீட்டில் இன்னும் இரண்டு இருக்கிறது, அதையும் அந்தப் பழைய முறையிலேயே போட்டுத் தர முடியுமா என்று விசாரித்தாள். ஒவ்வொருவரிடமும், என் பேரு ஏலவார்குழலி, தப்பு என்னோடது. எட்டு தடவை சொல்லியாகிவிட்டது.

ஒன்பதாவது பெயரை வடிவு படிக்கவில்லை. தாளை நகர்த்திக் காட்டினாள். "அக்கா, இதை நீங்க அப்புறமா தனியா..."

முருகேசன் இருமினார். குழலி எண்ணைத் தட்டினாள். அந்த எண்ணுக்கு அவளுக்குத் தாள் தேவையில்லை.

போனை எடுத்தபோது பின்னணியில் கடைச் சத்தம். யாரோ புடவையை உதறுகிற சத்தம், யாரோ "குமரா, பேப்பரை எடுப்பா" என்கிற சத்தம்.

"வணக்கம் சார். ஜரிகைப் பரிசோதனை மையத்துலேருந்து பேசறேன். என் பேரு ஏலவார்குழலி."

அந்தப் பக்கம் சிரிக்கப் போகிற மாதிரி ஒரு மூச்சு வந்தது. பிறகு அது நின்றது.

"சொல்லுங்க," என்றான் குமரன்.

"நேத்து உங்களுக்குக் குடுத்த சர்டிபிகேட் செல்லாதுங்க. மெஷின் பரிசோதிக்காமயே கம்ப்யூட்டர் ரிசல்ட் குடுத்துடுச்சி. தப்பு என்னோடது. பொடவையையும் சர்டிபிகேட்டையும் எடுத்துக்கினு வந்தீங்கன்னா திரும்பவும் பரிசோதிச்சிக் குடுக்கறோம். மன்னிச்சிக்கோங்க."

தாளில் அவ்வளவுதான் இருந்தது.

"உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

மற்ற எட்டு பேரும் கேட்காத கேள்வி. வடிவு தலை குனிந்துகொண்டாள்.

"நேத்து சாயங்காலம்."

கடையில் யாரோ மறுபடியும் பேப்பரைக் கேட்கிற சத்தம்.

"சரிங்க மேடம். எடுத்துக்கினு வரேன்."

முருகேசன் நாற்காலியிலிருந்து எழுந்து கீழே போய்விட்டார். குழலி பத்தாவது எண்ணைத் தட்டினாள்.

முக்கால் மணி நேரத்தில் குமரன் வந்தான். டோக்கன் வாங்கினான். அவனுக்கு முன்னால் நான்கு பேர். பெஞ்சின் ஓரத்தில், புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் இருக்கிற பக்கம் திரும்பவே இல்லை. வடிவின் கை ஓடவில்லை என்று குழலியே மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். முன்னால் இருந்த நான்கு பேரில் மூன்று பேருக்குத் தேறியது. ஒவ்வொரு தடவை பச்சை எழுத்து வரும்போதும் அவளுக்குள் ஓர் ஆசை எழுந்தது, இதுவும் தேறலாமே, அவன் சொன்ன மாதிரி சரக்கு நல்ல சரக்காகவே இருக்கலாமே.

அவன் முறை வந்தது. புடவையை விரித்து முந்தானையை மெஷினுக்கு அடியில் வைத்தாள். அரக்குக் கரை. கணக்கில்லாத நாட்கள் அவள் கண் முன்னாலேயே வளர்ந்த புடவை. பட்டனைத் தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று, இந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதிய பதினோரு வருஷத்தில் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளி 31.6. தேறவில்லை.

அச்சடித்து நீட்டினாள். குமரன் இரண்டு எண்ணையும் பார்த்தான். இன்னொரு தரம் பார்த்தான். "ஏமாத்திட்டான்," என்று மட்டும் சொன்னான். அது ஜரிகை வியாபாரியைத்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு முகம் சுட்டது.

"பழைய சர்டிபிகேட்டைத் திருப்பிக் குடுக்கணும்ணா," என்றாள் வடிவு. "கிழிச்சிப் போட்டுக் கையெழுத்து வாங்கணும்."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வடிவு வாங்கிக் கிழிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அழுத்திப் பார்த்தாள், வளைந்ததே தவிரக் கிழியவில்லை.

"லேமினேட் பண்ணிட்டேன்மா, காலைல. கடையில எல்லாரும் கைல வாங்கிப் பாப்பாங்க, அழுக்காவக் கூடாதுன்னு."

குழலி மேசை இழுப்பறையிலிருந்து கத்தரியை எடுத்தாள். அவள் வெட்டத் தொடங்குவதற்குள் அவன் அதை வாங்கி, தானே நடுவில் நேராக வெட்டி, இரண்டு துண்டையும் மேசையில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். புடவையை மடித்தான். நெசவுக்காரன் மடிக்கிற மடிப்பு, அவசரத்திலும் ஒரு ஓரம் பிசகாது. படி வரைக்கும் போனவன் நின்றான். அன்றைக்கு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான்.

"சாயந்திரம் சீக்கிரம் வந்துடு. ரெண்டு தறியிலயும் ஜரிகையை அறுத்து எடுக்கணும். ஒத்தை ஆளா முடியாது."